தங்கையின் கனவுப் பல்கலைக்கழகமும் அண்ணனின் கையெழுத்தும்

கேள்வி: என் தங்கைக்கு இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருக்கிறது. இரண்டிலும் உயிர்வேதியியல் இளநிலைப் படிப்புதான், நான்கு ஆண்டுகள். ஒன்று, பள்ளி நாளிலிருந்தே அவள் ஆசைப்பட்ட இடம்; உலகத் தரவரிசையில் முன்னால் இருப்பது. மற்றொன்றும் நல்ல பல்கலைக்கழகம்தான், ஆனால் அதன் பெயரைச் சொன்னால் யாரும் புருவம் உயர்த்தமாட்டார்கள். கல்விக் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் முதலாவதற்கு ஆகும் செலவு இரண்டாவதைப்போல் மூன்று மடங்கு. இரண்டாவதற்கு வேண்டிய பணம் வீட்டுச் சேமிப்பிலேயே இருக்கிறது. முதலாவது என்றால் மீதியைக் கடனாகத்தான் வாங்க வேண்டும். அப்பா ஓய்வு பெற்றுவிட்டதால் என்னை இணைக் கடன்தாரராகக் கையெழுத்திடச் சொல்கிறது வங்கி. தவணை என் இன்றைய சம்பளத்தில் ஐந்தில் இரண்டு பங்கு வரும் என்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் கல்லூரிக்குப் போகாதவர்கள். "வீட்டை அடமானம் வைத்தாவது படிக்க வைப்போம்" என்கிறார் அப்பா. "வெறும் பெயருக்கு இவ்வளவு பணமா?" என்கிறார் மாமா. அம்மா எதுவும் சொல்வதில்லை. "அங்கே போனால்தான் நான் ஆராய்ச்சியாளராக முடியும்" என்கிறாள் தங்கை. இரண்டு வாரத்தில் முன்பணம் கட்ட வேண்டும். மறுத்தால் அவள் கனவைக் கெடுத்த அண்ணன் ஆகிவிடுவேனோ என்று தூக்கம் வருவதில்லை. நான் கையெழுத்துப் போடலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் அப்பா பேசுகிறார், மாமா பேசுகிறார், வங்கியும் பேசுகிறது. படிக்கப்போகிறவருக்கு மட்டும் ஒரே ஒரு வரி. பெரிய முடிவுகள் எடுக்கும் வீடுகளில் இது வழக்கம்தான். ஆனால் அந்த ஒரு வரியில்தான் முடிச்சு விழுந்திருக்கிறது. அங்கே போனால்தான் ஆராய்ச்சியாளராக முடியும் என்பது உண்மையானால் என் பதில் ஒன்று, உண்மையில்லை என்றால் வேறு. எனவே கனவு, தியாகம், பெருமை இவற்றையெல்லாம் சற்று ஒதுக்கிவிட்டு, கூடுதலாகக் கொடுக்கும் பணம் எதை வாங்கித் தருகிறது, அதை யார், எப்போது திருப்பிக் கட்டுவது என்று பார்ப்போம். வங்கியின் கல்விக்கடன் பிரிவில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு ஆலோசனைக்கு வந்தவன் நான். அதனால் கணக்கில்தான் தொடங்குவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பல்கலைக்கழகத்தின் நான்கு ஆண்டுச் செலவை 100 என்று வைத்துக்கொள்வோம். முதலாவது 300. சேமிப்பில் 100 இருக்கிறது, கடன் 200. "மூன்று மடங்கு" என்று நீங்கள் எழுதியது கட்டணப் பட்டியலைப் பார்த்து எழுதியது. கடனை ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 50, 50 ஆக வாங்குகிறீர்கள். ஆண்டுக்கு 10 சதவீத வட்டி. படிக்கும் காலத்தில் எதுவும் கட்டவில்லை என்று கொள்ளுங்கள். பட்டம் கைக்கு வரும் நாளில் நிலுவை 200 அல்ல, ஏறத்தாழ 255. அதைப் பத்து ஆண்டு மாதத் தவணையில் அடைத்து முடிக்கும்போது மொத்தம் 405 அளவுக்குக் கட்டியிருப்பீர்கள். சேமிப்பிலிருந்து போன 100 தனி. ஆக மூன்று மடங்கு என்று நினைத்தது ஐந்து மடங்கில் போய் நிற்கிறது.

படிப்பு முடிந்ததும் வேலை தேட ஓராண்டு அவகாசம் உண்டு என்று வங்கியில் சொல்லியிருப்பார்கள். சலுகைபோல் காதில் விழும். அந்த ஓராண்டும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். 405 என்பது 445 ஆகிவிடும். மாறாக, படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் அவ்வப்போது கட்டிவந்தால் மொத்தம் 367 அளவில் நின்றுவிடும். ஒரே கடன்தான், கட்டும் முறையை ஒட்டி இவ்வளவு வித்தியாசம். உங்கள் வங்கி சொல்லும் வட்டி வேறாக இருக்கலாம். அதைப் போட்டு இதே கணக்கை நீங்களே செய்து பாருங்கள். தவணை எவ்வளவு என்று மட்டும் கேட்டால் வங்கி தவணையை மட்டும்தான் சொல்லும். கடைசிவரை மொத்தம் எவ்வளவு கட்டுவேன் என்று கேட்க வேண்டும்.

"விலைவாசி ஏற ஏறக் கடனின் பாரம் குறைந்துவிடும், சம்பளமும் உயரும்" என்று யாராவது ஆறுதல் சொல்வார்கள். சம்பளம் உயர்ந்தால் அது சரி. தங்கை தேர்ந்தெடுத்திருக்கும் பாதையில் அது எப்போது உயரும் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் உங்கள் கையெழுத்து. ஜாமீன்தாரருக்கும் இணைக் கடன்தாரருக்கும் சட்டத்தில் வித்தியாசம் உண்டு. கடன் வாங்கியவர் கட்டத் தவறினால் ஜாமீன்தாரர்மேல் பொறுப்பு வரும். இணைக் கடன்தாரர்மேல் முதல் நாளிலிருந்தே இருக்கும். அந்தக் கடன் அவருடைய கடனும்தான். உங்கள் கடன் வரலாற்றில் அது பதிவாகும். நாளை நீங்கள் வீட்டுக்கடன் கேட்டுப் போனால், சம்பளத்திலிருந்து இந்தத் தவணையைக் கழித்துவிட்டு மீதியை வைத்துத்தான் உங்கள் தகுதியைப் பார்ப்பார்கள். நீங்கள் திருமணம் செய்துகொள்வதாக இருந்தால், அந்தப் பத்து ஆண்டுகளுக்குள்தான் செய்துகொள்வீர்கள். வரப்போகிறவரின் குடும்பக் கணக்கிலும் இந்தத் தவணை உட்காரும். இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. கல்விக்கடனுக்குக் கையெழுத்திட வரும் அண்ணன்கள் பெரும்பாலும் பேனாவைத் திறந்துகொண்டேதான் வருகிறார்கள், தாளைப் புரட்டுவதில்லை.

வங்கியில் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். தங்கை வேலைக்குச் சேர்ந்து சில காலம் ஒழுங்காகத் தவணை கட்டிய பிறகு இணைக் கடன்தாரரை விடுவிக்கும் வழி உண்டா? படிப்பு இடையில் நின்றுபோனால் தவணை எப்போது தொடங்கும்? கடன் வாங்கியவருக்கு உயிருக்கோ உடலுக்கோ ஏதாவது நேர்ந்தால் கடனுக்குக் காப்பீடு உண்டா? கடைசிக் கேள்வி வாயில் வராது. வந்தாக வேண்டும். இரண்டாவது கேள்வி அதைவிட முக்கியம், ஏனென்றால் கடனும் இருந்து பட்டமும் இல்லாமல் போவதுதான் இந்த விஷயத்தில் நேரக்கூடிய ஆகப் பெரிய சேதம். பெரிய பெயருள்ள பல்கலைக்கழகம் என்பதால் அது நேராது என்பதில்லை.

அப்பா சொல்லும் அடமானம் வேண்டாம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஓய்வு பெற்றவருக்கு மீண்டும் சம்பாதித்து ஈடுகட்டும் காலம் கிடையாது. இருக்கும் கூரையை இளநிலைப் பட்டத்துக்கு ஈடாக வைப்பதை எந்தக் கணக்கும் நியாயப்படுத்தாது.

இனி, மாமாவின் கேள்வி. வெறும் பெயருக்கா இவ்வளவு பணம்? இதை ஒழுங்காக ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களில் படித்தவர்கள் அதிகம் சம்பாதிக்கிறார்கள் என்பது வெளிப்படை. ஆனால் பல்கலைக்கழகம் அவர்களை உயர்த்தியதா, அல்லது எங்கே போயிருந்தாலும் உயர்ந்திருப்பவர்களைத்தான் அது பொறுக்கி எடுத்ததா? அமெரிக்கப் பொருளியல் அறிஞர்கள் ஸ்டேசி டேலும் ஆலன் க்ரூகரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 1976-இல் கல்லூரியில் சேர்ந்தவர்களில், ஒரே மாதிரியான கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, ஒரே மாதிரியான இடங்களில் அனுமதியும் பெற்று, பிறகு வெவ்வேறு கல்லூரிகளைத் தேர்ந்துகொண்டவர்களை ஒப்பிட்டார்கள். உங்கள் தங்கை இன்று நிற்கும் இடம் அதுதான். அப்படி ஒப்பிட்டபோது, மாணவர்களைக் கடுமையாகப் பொறுக்கி எடுக்கும் கல்லூரிக்குப் போனவர்களின் சராசரிச் சம்பளத்தில் குறிப்பிடத்தக்க கூடுதல் எதுவும் தெரியவில்லை. பெரிய இடத்தில் அனுமதி பெறும் அளவுக்கு ஒருவரிடம் இருந்த திறமையும் பிடிவாதமும் அவருடனேயே அடுத்த கல்லூரிக்கும் போய்விட்டன என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

ஆனால் மாமாவிடம் இதைக் கொண்டுபோய் வெற்றி விழா எடுக்க வேண்டாம். அதே ஆய்வில் ஒரு விதிவிலக்கு உண்டு. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பெயர்பெற்ற கல்லூரி பலன் தந்தது. இருவரும் பின்னாளில் செய்த விரிவான ஆய்வில், பெற்றோர் அதிகம் படிக்காத வீட்டு மாணவர்களுக்கும், அமெரிக்காவின் கறுப்பின, ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க வழிவந்த) மாணவர்களுக்கும் பலன் இருப்பது தெரிந்தது. வீட்டிலேயே தொடர்புகள் உள்ள பிள்ளைக்குக் கல்லூரி புதிதாகச் சேர்க்கும் தொடர்பு குறைவு. இல்லாத பிள்ளைக்கு அதுவே முதல் வாசல் என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். உங்கள் அப்பா அம்மா கல்லூரிக்குப் போகாதவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே "பெயரில் ஒன்றுமே இல்லை" என்று உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

2023-இல் பொருளியல் அறிஞர்கள் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் மூவரும் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுணுக்கமானது. அமெரிக்காவின் உச்சியிலுள்ள பன்னிரண்டு தனியார் பல்கலைக்கழகங்களை, அங்குள்ள மாநிலங்களின் முதன்மை அரசுப் பல்கலைக்கழகங்களுடன் ஒப்பிட்டார்கள். சராசரி வருமானத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் வருமானத்தில் உச்சியிலுள்ள 1 சதவீதத்துக்குள் நுழையும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கானது. உயர்மதிப்புள்ள மேற்படிப்பு நிறுவனத்தில் சேரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கானது. அதாவது, பெரும்பாலானவர்களின் வாழ்க்கை அப்படியேதான் இருக்கும்; சிலருக்கு மட்டும் மிக உயரமான கதவு ஒன்று திறக்கும். கடன் மட்டும் எல்லோருக்கும் உண்டு.

உங்கள் தங்கை போக நினைப்பது அந்தப் பன்னிரண்டில் ஒன்றா என்பது எனக்குத் தெரியாது. தரவரிசையில் முன்னால் இருக்கிறது என்பதோடு நிறுத்திவிட்டீர்கள். தரவரிசை எதை அளக்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். உலக அளவில் பெரிதும் புரட்டப்படும் க்யூ.எஸ். பட்டியலில் 100-க்கு 30 மதிப்பெண் பேராசிரியர்களிடையே எடுக்கும் கருத்துக்கணிப்புக்கு, 15 வேலை தருவோரிடையே எடுக்கும் கருத்துக்கணிப்புக்கு. ஆக, பாதிக்குச் சற்றுக் குறைவு, "இந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டு வாங்கியது. ஆய்வுக் கட்டுரைகள் மேற்கோள் காட்டப்படுவதற்கு 20. முதலாண்டு மாணவிக்கு யார் பாடம் நடத்துகிறார், எப்படி நடத்துகிறார் என்பதற்கு நேரடியாக எதுவும் இல்லை. 2022-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் அமெரிக்கப் பட்டியல் ஒன்றில் 2-ஆம் இடத்திலிருந்து 18-ஆம் இடத்துக்கு இறங்கியது. அந்தப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் மைக்கேல் தேடியஸ், தன் நிறுவனமே பட்டியலுக்குக் கொடுத்த புள்ளிவிவரங்கள் தவறு என்று எழுதியதன் விளைவு அது. 2-இல் இருந்தபோதும் 18-இல் இருந்தபோதும் அங்கே அதே வகுப்பறைகள்தான், அதே ஆசிரியர்கள்தான்.

சரி, முடிச்சுக்கு வருவோம். "அங்கே போனால்தான்."

வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் இளநிலைப் பட்டம் பெற்றது பரோடா பல்கலைக்கழகத்தில்; முனைவர் பட்டம் அமெரிக்காவின் ஓஹையோ பல்கலைக்கழகத்தில், அதுவும் இயற்பியலில். இரண்டுமே தரவரிசைப் பட்டியலின் உச்சியில் இருப்பவை அல்ல. உயிரணுவுக்குள் புரதம் தயாராகும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009-இல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. உங்கள் தங்கையின் பாடப்புத்தகத்தில் ஓர் அத்தியாயம் அது. கொரோனா தடுப்பூசிக்கு வழிவகுத்த ஆய்வுக்காக 2023-இல் மருத்துவ நோபல் பெற்ற கட்டலின் கரிக்கோ, இளநிலையும் முனைவர் பட்டமும் படித்தது ஹங்கேரியின் செகெட் பல்கலைக்கழகத்தில். அவர் ஓர் உயிர்வேதியியலாளர். தனிமனிதர் கதைகளைச் சான்றாகக் காட்டுவது எனக்குப் பிடிக்காது. ஆயிரம் பேரில் ஒருவரை எடுத்து எதையும் நிறுவிவிடலாம். ஆனால் "போனால்தான்" என்று ஒருவர் சொல்லும்போது அதை மறுக்க ஒரு கதையே போதும், இங்கே இரண்டு இருக்கின்றன.

ஆராய்ச்சிக்குப் போகிறவருக்கு இளநிலைப் பட்டம் முதல் படி மட்டும்தான். பின்னால் அவரை எடை போடுகிறவர்கள் முனைவர் பட்டம் எங்கே, யாரிடம், என்ன ஆய்வு என்றுதான் பார்ப்பார்கள். அந்த முனைவர் இடத்தை இளநிலையிலிருந்து வாங்கித் தருவது எது? ஆய்வக அனுபவமும் பரிந்துரைக் கடிதமும். "இவர் என் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றார்" என்று முந்நூறு பேர் உட்கார்ந்த வகுப்பின் பேராசிரியர் எழுதும் கடிதம் ஒரு வகை. "இவர் இரண்டு ஆண்டு என் ஆய்வகத்தில் இருந்தார், ஒரு புரதத்தைப் பிரித்தெடுக்கும்போது அது சிதைந்துகொண்டே இருந்தது, எந்தக் கட்டத்தில் சிதைகிறது என்று இவர்தான் கண்டுபிடித்தார்" என்பது வேறு வகை. இரண்டாவது கடிதத்தைப் படிக்கிறவர், அது எந்த ஊர் முத்திரையோடு வந்தாலும் நிமிர்ந்து உட்காருவார்.

ஆகவே இரண்டு பல்கலைக்கழகங்களையும் தங்கை இந்த ஒரே கோணத்தில் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். இளநிலை மாணவர்கள் எந்த ஆண்டிலிருந்து ஆய்வகத்துக்குள் போகலாம்? கேட்கிற எல்லோருக்கும் இடம் உண்டா, போட்டி போட வேண்டுமா? முதலாண்டுச் செய்முறை வகுப்பில் ஒரு மேசைக்கு எத்தனை பேர்? துளியிலும் சிறிய அளவு திரவத்தை எடுக்கும் மைக்ரோபிப்பெட்டைக் கட்டைவிரலால் அழுத்தி விடும் பழக்கமும், மாதிரிகளை வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரத்தில் குழாய்களை எடை பார்த்து எதிரெதிரே வைக்கும் பழக்கமும் கை செய்து செய்துதான் வரும். நான்கு பேர் சுற்றி நிற்க ஒருவர் செய்வதைப் பார்த்து வராது. விலையுயர்ந்த கருவிகள் இருக்கின்றனவா என்பதோடு, இளநிலை மாணவர்களை அவற்றைத் தொடவிடுகிறார்களா என்று கேட்க வேண்டும். பெரிய இடங்களில் கருவிகள் நிறைய இருக்கும். அவற்றுக்கு முன்னால் முனைவர் மாணவர்களின் வரிசையும் நீளமாக இருக்கும். எல்லா இடத்திலும் அப்படி என்று சொல்லமாட்டேன். இளநிலை மாணவர்களை ஆய்வகத்துக்குள் கொண்டுவருவதற்கென்றே நிதி ஒதுக்கும் பெரிய பல்கலைக்கழகங்களும் உண்டு. தங்கையின் கனவு இடம் அந்த வகையானால், அந்த அதிகப்படிப் பணம் உருப்படியான ஒன்றை வாங்குகிறது என்று ஒப்புக்கொள்வேன்.

இதையெல்லாம் விளம்பரக் கையேட்டில் தேட வேண்டாம். அதில் எல்லா மாணவர்களும் புல்வெளியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள். துறையின் இணையப் பக்கத்துக்குப் போய், ஒவ்வோர் ஆய்வுக்குழுவின் உறுப்பினர் பட்டியலைத் திறந்தால் அதில் இளநிலை மாணவர்களின் பெயர் இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். அங்கே இறுதியாண்டு படிப்பவர்கள் சிலருக்குத் தங்கையே எழுதிக் கேட்கலாம். மாணவர்கள் ஒளிக்காமல் சொல்வார்கள். குறை சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் இன்னும் நன்றாகச் சொல்வார்கள். துறையில் படித்து முடித்தவர்கள் எங்கே மேற்படிப்புக்குப் போனார்கள் என்ற பட்டியலைத் துறை அலுவலகத்தில் கேட்கலாம். அப்படி ஒரு பட்டியலே இல்லை என்று சொன்னால் அதுவும் ஒரு தகவல்தான்.

இப்போது நான் தள்ளிவைத்த விஷயம்: சம்பளம் எப்போது உயரும்? அறிவியலில் முனைவர் படிப்புக்குப் பல நாடுகளில் உதவித்தொகை கிடைக்கும். அதற்குப் பெரும்பாலும் கடன் வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தொகை ஒருவர் சாப்பிட்டு, வாடகை கொடுத்து வாழ்வதற்குத்தான் சரியாக இருக்கும். முனைவர் பட்டம் பெற்ற பிறகும், முதுமுனைவர் ஆய்வு என்ற தற்காலிக ஆய்வுப் பணியில் இன்னும் சில ஆண்டுகள். இளநிலை முடித்ததும் கைநிறையச் சம்பாதிக்கத் தொடங்கும் துறை இது அல்ல. தங்கை உதவித்தொகையில் இருக்கும் ஆண்டுகளில் தவணையைக் கட்டப்போவது நீங்கள்தான். மேற்படிப்பைக் காரணம் காட்டித் தவணையைத் தள்ளிவைக்கும் வசதி சில கடன்களில் உண்டு. வட்டி ஓடுவதை நிறுத்திவைக்கும் வசதி அபூர்வம்.

பொருளியல் அறிஞர்கள் ஜெஸ்ஸி ராத்ஸ்டைனும் சிசிலியா ரவுஸும் 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வை உங்கள் தங்கையிடம் அவசியம் சொல்லுங்கள். மாணவர்களைக் கடுமையாகப் பொறுக்கி எடுக்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று, மாணவர்களுக்குத் தரும் நிதியுதவியில் ஒரு பகுதியாக இருந்த கடனை எடுத்துவிட்டு அதற்குப் பதில் திருப்பித் தர வேண்டாத நிதியைக் கொடுத்தது. அந்த மாற்றத்துக்கு முன்னும் பின்னும் படித்தவர்களை ஒப்பிட்டார்கள். கடன் இருந்தவர்கள் சம்பளம் கூடுதலான வேலைகளை நோக்கிப் போனார்கள். ஆசிரியர் பணி போன்ற, சம்பளம் குறைந்த பொதுநல வேலைகளைத் தேர்வது அவர்களிடம் குறைந்தது. ஒரே பல்கலைக்கழகம், ஒரே தரமான மாணவர்கள். கடன் மட்டுமே வேலைத் தேர்வை மாற்றியது. ஆராய்ச்சியாளராக வேண்டும் என்பதற்காகக் கடன் வாங்கி, அந்தக் கடனை அடைப்பதற்காக ஆராய்ச்சியை விட்டுவிட்டு முதலில் கிடைக்கும் வேலைக்குப் போவது எவ்வளவு எளிதாக நடந்துவிடும் என்று எண்ணிப் பாருங்கள். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இதற்குள் உங்களுக்குப் புரிந்திருக்கும்.

தங்கை வேறு துறையைச் சொல்லியிருந்தால் இவ்வளவு உறுதியாகப் பேசியிருக்கமாட்டேன். நிறுவன ஆலோசனை, முதலீட்டு வங்கி போன்ற சில வேலைகளுக்கு ஆள் எடுக்கிறவர்கள் குறிப்பிட்ட சில பல்கலைக்கழகங்களுக்கு மட்டுமே நேரில் போவார்கள். அங்கே பெயரின் விலை உண்மையான விலை. மருத்துவம், செவிலியம் போன்றவற்றில் உரிமம்தான் முக்கியம். பல நாடுகளில், எங்கே படித்தாலும் எழுதும் உரிமத் தேர்வு ஒன்றே.

முதல் பல்கலைக்கழகத்தின் கட்டணக் கடிதத்தை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். "நிர்வாகம் அவ்வப்போது நிர்ணயிக்கும் கட்டணம்" என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், நான்கு ஆண்டுக் கணக்கை முதலாண்டுக் கட்டணத்தை நான்கால் பெருக்கிப் போட முடியாது. இதுவரை ஆண்டுக்கு எத்தனை சதவீதம் உயர்த்தியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். உதவித்தொகை ஏதாவது கொடுத்திருந்தால், அது நான்கு ஆண்டுக்குமா, முதலாண்டுக்கு மட்டுமா? குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் நின்றுவிடுமா? சரிந்தால் மீண்டும் பெற வழி உண்டா? இரண்டாவது பல்கலைக்கழகத்தின் கடிதத்துக்கும் இதே சோதனை. செலவு குறைந்த இடம் என்பதாலேயே அதன்மேல் சந்தேகம் வராமல் போய்விடக்கூடாது.

பலரும் செய்யத் தவறும் காரியம் ஒன்று: கேட்பது. நிதியுதவி மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம். தங்கையே எழுதட்டும். நான்கைந்து வரி போதும்: உங்கள் பல்கலைக்கழகமே என் முதல் விருப்பம், அப்பா ஓய்வு பெற்றுவிட்டார், வீட்டின் வருமானம் இவ்வளவு, இன்னொரு பல்கலைக்கழகத்தின் செலவு விவரம் இணைக்கப்பட்டிருக்கிறது, இடைவெளி இவ்வளவு, கட்டணச் சலுகையோ, வளாகத்துக்குள் பகுதிநேர வேலையோ, திருப்பித் தர வேண்டாத நிதியோ தர முடியுமா? வருமானச் சான்றை உடன் வைக்க வேண்டும். கெஞ்ச வேண்டாம், மிரட்டவும் வேண்டாம். கட்டணத்தின் ஒரு பகுதியைத் தள்ளிக் கொடுக்கும் அதிகாரம் பல பல்கலைக்கழகங்களின் நிதியுதவி அலுவலகத்துக்கு உண்டு. கேட்காதவருக்கு அது கிடைப்பதில்லை. இடத்தை ஓராண்டு ஒத்திவைக்க முடியுமா என்றும் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் ஒத்திவைத்தால் உதவித்தொகையும் கூடவே வருமா என்பதை எழுத்தில் வாங்க வேண்டும்.

இரண்டாவதில் சேர்ந்துவிட்டால் முதலாவது என்றென்றைக்கும் மூடிவிடும் என்பதும் இல்லை. கோடைக்கால ஆய்வுப் பயிற்சிக்கு வெளி மாணவர்களை எடுத்துக்கொள்ளும் ஆய்வகங்கள் உண்டு. ஒரு பருவம் மட்டும் வேறு பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒப்பந்தங்கள் உண்டு. முனைவர் படிப்புக்கு அதே கனவு வளாகத்துக்கு, இந்த முறை அவர்கள் கொடுக்கும் பணத்தில், போகலாம். தங்கையின் பாதையில் அதுதான் பொருத்தமான வேளையும்கூட.

தங்கையிடம் எப்படிப் பேசுவது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். உங்கள் சம்பளம் எவ்வளவு என்று அவருக்குத் தெரியுமா? பெரும்பாலும் தெரியாது என்றே நினைக்கிறேன். சம்பளம், வாடகை, வீட்டுக்குக் கொடுப்பது, மிச்சம், தவணை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அவர் முன்னால் வையுங்கள். குற்றம் சுமத்தும் தொனி வேண்டாம். இந்த இளம் வயதில் கடன் ஆவணத்தில் கையெழுத்திடுகிறவருக்கு அந்தத் தாளைப் பார்க்கும் உரிமை இருக்கிறது. பிறகு அவருடைய கனவுக்குள் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். ஒரு குறிப்பிட்ட பேராசிரியரா, ஒரு பாடத்திட்டமா, வீட்டைவிட்டுத் தள்ளி வாழும் ஆசையா, யாருக்கோ நிரூபித்துக் காட்ட வேண்டும் என்பதா? எதுவானாலும் தப்பில்லை. ஆனால் வீட்டைவிட்டுத் தள்ளி வாழ 200 கடன் வேண்டியதில்லை; நிரூபிப்பதற்கு அனுமதிக் கடிதமே போதும், அது ஏற்கெனவே கையில் இருக்கிறது. பேராசிரியர் என்று அவர் சொன்னால் மட்டும், அந்தப் பேராசிரியர் இளநிலை மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறாரா என்று சேர்ந்து தேடிப் பாருங்கள். அம்மாவிடமும் தனியாகக் கேளுங்கள். பேசாமல் இருப்பவரிடம் கருத்து இல்லை என்று பொருளல்ல.

என் பரிந்துரை இது. படிப்பு முடியும் நாளில் வட்டியோடு சேர்ந்த மொத்த நிலுவை, அந்தப் பட்டத்தோடு தங்கை வாங்கக்கூடிய முதலாண்டுச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பொதுவாகச் சொல்லும் எல்லை. முனைவர் பட்டத்துக்குப் போகிறவருக்கு நான் அதையும் பாதியாக்குவேன். உங்கள் ஊகத்தில் இருக்கும் சம்பளத்தை எடுத்துக்கொள்ளாமல், அந்தத் துறையில் இளநிலை முடித்தவர்களுக்கு இன்று உண்மையில் கொடுக்கப்படும் சம்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மறுபரிசீலனைக்குப் பிறகு கடன் அந்த எல்லைக்குள் வந்து, ஆய்வக வாய்ப்பு பற்றிய பதில்களும் திருப்தியாக இருந்தால் முதலாவதில் சேரட்டும், நீங்களும் கையெழுத்துப் போடுங்கள்; படிக்கும் காலத்திலேயே வட்டியைக் கட்டிவிடுங்கள். வராவிட்டால் இரண்டாவது. அப்படி நேர்ந்தால் சேமிப்பின் 100-ஐயும் கட்டணத்திலேயே கரைத்துவிடாமல், கோடைக்கால ஆய்வுப் பயிற்சிக்கும் மேற்படிப்பு விண்ணப்பச் செலவுக்கும் கொஞ்சம் ஒதுக்க முடியுமா என்று பாருங்கள். நீங்கள் தவணைக்கென்று மனத்தில் ஒதுக்கிய தொகையில் ஒரு சிறு பகுதியை மாதாமாதம் அதற்கே போட்டுவந்தாலும் போதும்.

முதல் பல்கலைக்கழகத்துக்கான முன்பணக் கெடு இரண்டு வாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். மறுபரிசீலனைக் கடிதத்தை இன்றோ நாளையோ அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை கெடுவை நீட்டிக்க முடியுமா என்று அதிலேயே கேட்டுவிடுங்கள். முன்பணம் கட்டிவிட்டுச் சேராவிட்டால் திருப்பித் தருவார்களா என்ற விதியையும் பாருங்கள். இரண்டாவது பல்கலைக்கழகத்தில் இடத்தை உறுதிசெய்யக் கடைசி நாள் எது என்று உங்கள் கடிதத்தில் எங்குமே இல்லை. முதலில் அதைத் தேடுங்கள்.